பகிடிக்கு அடித்த தகரம்

டத்தோ கிராமாட், பினாங்கு
25.9.1943, சனிக்கிழமை

அண்ணாவுக்கு,

செல்வநாயகியின் வலது கையை நம் சந்து ஆண்கள் ஒடித்துவிட்டார்கள். பத்துப் பேரும் சேர்ந்து.

இதைப் பார்த்துவிட்டு அம்மா, "ஜப்பான்காரன் முறிச்சான் எண்டு எழுது பிள்ளை" என்கிறார். முறுக்கியது ஜப்பான்காரன்தான். அவன் கையில் அவளைக் கொண்டுபோய்க் கொடுத்தது இவர்கள். முதல் வரியை நான் மாற்ற மாட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை காலை. குண்டு விழுந்த நாளிலிருந்து நம் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் இல்லை என்பதும், பின் சந்துக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பிடிப்பது, குளிப்பது, துவைப்பது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள். எட்டுப் பெண்கள் நின்றோம். செல்வநாயகி பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, சந்துக்கு முதுகைக் காட்டி, தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது சந்து முனை அங்சானா மரத்தில் நீங்கள் கட்டித் தொங்கவிட்ட மண்ணெண்ணெய்த் தகரம் மூன்று தரம் கேட்டது. டங், டங், டங். ராணுவக்காரன் வருகிறான், பெண்கள் எல்லோரும் உள்ளே போங்கள் என்று அர்த்தம்.

எத்தனை பேர் ஓடினோம் தெரியுமா? ஒருவரும் ஓடவில்லை.

நல்லம்மா அக்கா துணியைப் பிழிந்தபடியே, "தொடங்கிட்டாங்கள்" என்றார். சிக்கந்தர் நானாவின் மனைவி ஹபீபா பீவி திரும்பிக்கூடப் பார்க்காமல், "அடிங்கடா, கை வலிக்கிற வரைக்கும் அடிங்கலா!" என்று கத்தினார். நாங்கள் சிரித்தோம்.

ஏனென்றால் ஐந்து மாதமாக இதே கூத்து. ஜப்பான்காரன் உத்தரவில் தெருக்காவலுக்கு நிற்கிற இளந்தாரிகளுக்குப் பொழுது போகாவிட்டால் தகரத்தைத் தட்டுவார்கள். நாங்கள் வாளியை எறிந்துவிட்டு, கண்ணில் சவுக்காரத்தோடு, ஈரத்துணி ஒட்டிக்கொண்ட உடம்போடு ஓடுவோம். அவர்கள் மரத்தடியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். போய்க் கேட்டால், "பகிடிக்கு, சும்மா விளையாட்டுக்கு." நீங்கள் இருந்தபோதும் சில தரம் நடந்தது. அடித்தவனை அதட்டிவிட்டேன் என்று அப்போது சொன்னீர்கள். நீங்கள் ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போன இந்த இரண்டு மாதத்தில் வாரத்துக்கு இரண்டு தரம். ஓடி ஓடி அலுத்துப்போய், ஓடுவதையே நிறுத்திவிட்டோம்.

நேற்று அடித்தது உண்மை. இரண்டு பேர் வந்தார்கள். பூட்ஸ் சத்தம் கேட்ட பிறகுதான் நாங்கள் சிதறினோம். செல்வநாயகி மட்டும் திரும்பாமல் நின்றாள். ஒருவன் அவள் கையைப் பின்னால் முறுக்கி, குளிக்கிற இடத்துத் தகரத் தட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

காவலில் நின்றது நாச்சியப்பனும் சந்திரசேகரனும். மூன்று அடி அடித்தார்கள், அவரவர் வீட்டுக்குள் போனார்கள், தாழ் போட்டார்கள். தாழ் விழுந்த சத்தம் என் காதில் கேட்டது அண்ணா.

மரத்தடிக்கு ஓடியது ஹபீபா பீவி. தடியை எடுத்து அடித்தார் பாருங்கள், மூன்று அடி இல்லை, முந்நூறு. பெரிய சாலையில் போனவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒரு ஜப்பான் அதிகாரி சைக்கிளிலிருந்து இறங்கி ஏதோ கத்தினான். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

ஆசுபத்திரியில் மாவுக்கட்டுக்கு மாவு இல்லை. மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தட்டிக்குப் பின்னால் வேறு என்ன நடந்தது என்று சந்து முழுக்கக் கேட்கிறது. நான் எழுத மாட்டேன். என்ன நடந்திருந்தாலும் செல்வநாயகி செல்வநாயகிதான்.

இன்று காலை காவல் தலைவர் தியாகராஜா மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எச்சரிக்கை குடுத்தாச்சு. ஓடாதது அவளின்ரை பிழை. அவள் இஞ்சை இருந்தால் அவங்கள் திரும்பி வருவாங்கள்." பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கூட்டம். அவளைச் சுங்கை பாக்காப் தோட்டத்தில் இருக்கிற அவளுடைய சித்தியிடம் அனுப்பிவிட வேண்டுமாம். ஊருக்கு என்ன சொல்லி அனுப்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்? தகரம் அடித்தும் ஓடாத பெண் என்றுதான்.

தை மாதம் உங்களுக்கு நிச்சயம் செய்ய இருந்த பெண் அவள். காவலுக்கு முதல் தலைவர் நீங்கள். தகரம் கட்டியது நீங்கள். நீங்கள் வந்து, "இந்தத் தகரத்தைப் பல தரம் பொய்யாக அடித்தார்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டம் கலைந்துவிடும். வாருங்கள்.

தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள். நிபோங் திபாலுக்குக் கருவாடு கொண்டு வருகிற சிக்கந்தர் நானாவிடமே கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

உங்கள் தங்கை,
ஈசு


நிபோங் திபால்
29.9.2603

அன்புத் தங்கை கனகேஸ்வரிக்கு,

முருகன் துணையால் இங்கே நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். சுகம் கேட்காமல் ஒரு கடிதத்தைத் தொடங்கலாம் என்று உனக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? முதல் வரியைப் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இன்னொன்று. கையில் கொடுத்தனுப்புகிற கடிதமானாலும் 1943 என்று எழுதாதே. ஜப்பான் கணக்கில் 2603 என்று எழுது. வழியில் சோதனை போட்டால் சிக்கந்தர் நானாவுக்குத்தான் ஆபத்து.

தாள் கிடைக்கவில்லை. ரப்பர் பால் நிறை எழுதும் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இங்கே கொசு அதிகம், காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை இல்லை. காலையில் ஒரு மணி நேரம் ஜப்பான் மொழி வகுப்பு. புது மேலாளர் என் உச்சரிப்பைப் பாராட்டினார். அம்மாவுக்கு ஒரு போத்தல் செம்பனை எண்ணெயும் பத்துக் கட்டி நிறை மரவள்ளிக் கிழங்கும் அனுப்பியிருக்கிறேன். கிழங்கைத் தேங்காய்ப்பூவோடு அவித்துச் சாப்பிடுங்கள்.

செல்வநாயகியை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. அவள் ஏன் ஓடவில்லை? மூன்று அடி என்றால் என்ன என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நாச்சியப்பனும் சந்திரசேகரனும் கெட்டவர்கள் இல்லை. காவல் நின்று அலுத்த இளந்தாரிகள். துப்பாக்கியோடு வருகிறவன் முன்னால் கம்போடு நின்று அவர்கள் என்ன செய்துவிட முடியும்? பகிடி வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதே.

தியாகராஜா மாமா நம் ஐயாவோடு தபால் கந்தோரில் இருபது வருடம் வேலை செய்தவர். அவரை எதிர்த்துப் பேசினால் அம்மாவுக்குத்தான் தலைகுனிவு. தையில் நிச்சயம் என்ற பேச்சு அப்படியே இருக்கட்டும். அம்மா பார்த்துச் செய்வார்.

பத்தாம் தேதிக்கு வர முயற்சி செய்கிறேன். அனுமதிச் சீட்டு கிடைப்பது கஷ்டம். வெள்ளிக்கிழமை வர இருந்ததும் அதனால்தான் நின்றுபோனது.

ஒரு சின்ன உதவி. போன மாதக் கடைசியில் உன் கடிதத்துக்குள் ஒட்டி வைத்து அவளுக்கு ஒரு துண்டுத் தாள் அனுப்பினேன் அல்லவா, அதை அவளிடமிருந்து வாங்கி எரித்துவிடு. நிச்சயத்துக்கு முன்பே கடிதம் எழுதினான் என்று பேச்சு வரக்கூடாது.

உன் அண்ணா,
பரமநாதன்


டத்தோ கிராமாட்
2.10.1943

அண்ணா,

சுகம். அம்மாவும் சுகம். கிழங்கு கிடைத்தது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தகரம் இப்போது எங்களிடம் இருக்கிறது!

திங்கட்கிழமை காலை நல்லம்மா அக்கா நேரே மரத்தடிக்குப் போனார். சந்திரசேகரன் கையில் காவல் பட்டி கட்டிக்கொண்டு நின்றான். "எடு தம்பி, அந்தத் தடியை இஞ்சை தா." அவன், "அக்கா, இது அரசாங்க வேலை" என்றான். "உன்ரை அரசாங்கத்துக்கு ஒரு தகரம் வேணுமெண்டால் வேறை வாங்கிக் குடுப்பம். இது என்ரை வீட்டு மண்ணெண்ணெய்த் தகரம். பரமநாதன் கேட்டு நான்தான் குடுத்தனான்." ஹபீபா பீவி கயிற்றை அறுத்தார். நான் தகரத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சந்து முழுக்க நடந்தேன். சன்னல்களில் ஆண்களின் தலைகள் தெரிந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் தகரமே தேவைப்பட்டிருக்காது!

இப்போது குழாயடியிலேயே கட்டியிருக்கிறோம். ஆறு பேர் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி காவல் நிற்பாள். சும்மா ஒரு தரம் தட்டினாலும் அவளுக்கு ஒரு வாரம் தண்ணீர் இல்லை. ஹபீபா பீவி வைத்த சட்டம். ஆறு நாளாக ஒரு பொய்யடி கூட இல்லை. நேற்று உண்மையாகவே ஒரு ராணுவ லாரி வந்தது. பொன்னம்மை ஆச்சி மூன்று அடித்தார். எல்லோரும் ஓடினோம், கதவை அடைத்தோம், லாரி போய்விட்டது. கதவுக்குப் பின்னால் நின்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் முதல் முறையாக ஒரு சத்தத்தை நம்பி ஓடினேன். ஓடுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலையே நீங்கள் கேட்டதைச் செய்யப் போனேன். துண்டுத் தாளை வாங்கி எரிக்க.

செல்வநாயகி கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடது கையால் 'அ' எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். "அண்ணா தந்த தாளைத் தா, எரிக்கச் சொன்னார்" என்றேன். "நீ படிச்சனியா?" என்றாள். இல்லை என்றேன். தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, "படி" என்றாள்.

எட்டு வரி. உங்கள் அழகான கையெழுத்து. உங்களுக்கு மறந்திருந்தால் இதோ.

"24ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை வருவேன். வந்ததும் வீட்டுக்குப் போகாமல் மரத்தடிக்குப் போய்த் தகரத்தில் மூன்று தட்டுத் தட்டுவேன். மற்றவர்கள் ஓடட்டும். நீ மட்டும் ஓடாதே, அது நான்தான். சித்திரையில் நான் தட்டியபோது நீ வாளியை விட்டுவிட்டு ஓடினாய், வாளி உருண்டு என் காலடிக்கு வந்தது. ஈரத்தோடு நீ ஓடிய அந்தக் கோலம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இவள்தான் என் மனைவி."

அதனால்தான் அண்ணா அவள் திரும்பவில்லை. நாங்கள் அலுத்துப்போய் நின்றோம். அவள் அலுத்து நிற்கவில்லை. சந்தோஷமாக நின்றாள். பின்னால் வந்த பூட்ஸ் சத்தம் உங்களுடையது என்று நினைத்தாள்.

"அவர் பின்னாலை வந்து பகிடிக்குக் கையைப் பிடிக்கிறார் எண்டு நினைச்சன் ஈசு. நான் சிரிச்சனான்." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், "அவள் ஏன் ஓடவில்லை?" என்று. எப்படி அண்ணா அந்தக் கேள்வியை எழுதக் கை வந்தது? அதற்கு விடை தெரிந்த இரண்டு பேரில் நீங்கள் ஒருவர். அடுத்த பக்கத்திலேயே தாளை எரிக்கவும் சொல்கிறீர்கள்.

பல தரம் தட்டியவர்களை அதட்டிவிட்டேன் என்றீர்கள். உங்களையே அதட்டிக்கொண்டீர்களா?

முதல் கடிதத்தில் பத்து ஆண்கள் என்று எழுதினேன். திருத்திக்கொள்கிறேன். பதினொன்று.

தாளை எரிக்கவில்லை. அது அவளுடையது, அவளிடமே இருக்கிறது. பத்தாம் தேதி வாருங்கள். இப்போது உங்களை உதவிக்குக் கூப்பிடவில்லை. சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

ஈசு


நிபோங் திபால்
7.10.2603

என் அருமைத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. சோறு என்று எழுதுவது பழக்கத்தில், கிழங்குதான். சிக்கந்தர் நானா இன்று போகிறார் என்பதால் அவசரமாக எழுதுகிறேன்.

அனுமதிச் சீட்டு மறுத்துவிட்டார்கள். உண்மையாகவே மறுத்துவிட்டார்கள், நீ நம்ப வேண்டும்.

நான் தட்டியது இரண்டு தரம், அதிகம் போனால் மூன்று. மற்றபடி மற்றவர்கள் தட்டும்போது அங்கே நின்றிருப்பேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதில் கெட்ட எண்ணம் இல்லை. எங்களைப் போன்ற குடும்பத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேச வேறு என்ன வழி இருக்கிறது, நீயே சொல். அது என் அன்பு. அந்த அன்பை எடுத்து ஒரு ஜப்பான்காரனின் மிருகத்தனத்தோடு சேர்த்து எழுதுகிறாயே, உனக்கு மனம் எப்படி வந்தது?

பதினோரு பேர் சேர்ந்து செய்த ஒன்றுக்கு நான் ஒருவன் ஏன் முகத்தைக் காட்ட வேண்டும்? நான் சொன்னால் நாச்சியப்பனும் சந்திரசேகரனும் மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் சொல்லட்டும், நான் மறுக்க மாட்டேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அமைதியாக யோசி. செல்வநாயகி சுங்கை பாக்காப்புக்கு வந்தால் அவளுக்கு நல்லதுதான். காற்று மாறும், வாய்கள் ஓயும். இங்கிருந்து பக்கம், நான் போய்ப் பார்த்துக்கொள்வேன். கொஞ்ச காலம் போகட்டும். பிறகு அம்மாவிடம் பேசலாம்.

தகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. தெருக்காவல் ஜப்பான்காரனின் உத்தரவு. பெண்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று மேலே போனால் என்ன ஆகும்?

அந்தத் தாளை மட்டும் தயவுசெய்து எரித்துவிடு. காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் அண்ணா


டத்தோ கிராமாட்
10.10.1943, ஞாயிற்றுக்கிழமை மாலை

அண்ணா,

உடனே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். இன்றைக்கு மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததில்லை!

தியாகராஜா மாமா வீட்டு முன்கூடத்தில் பத்து நாற்காலி போட்டிருந்தார்கள். பத்து ஆண்கள். பெண்களுக்குப் பாய்கூட இல்லை. நாங்கள் ஏழு பேரும் வாசலில் நின்றோம். செல்வநாயகி வரமாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் வந்தாள். மூங்கில் பத்தை கட்டிய கையை என் பழைய தாவணியில் தொட்டில் கட்டி மாட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். எச்சரிக்கை முறைப்படி அடிக்கப்பட்டது. பெண் அதை மதிக்கவில்லை. சந்தின் பாதுகாப்புக்காகப் பெண்ணை உறவினரிடம் அனுப்பத் தீர்மானிக்கப்படுகிறது.

நான், "ஒரு கேள்வி மாமா" என்றேன்.

"பிள்ளை, ஆம்பிளையள் கதைக்கிற இடத்திலை..."

"ஆம்பிளையளிடம்தான் கேக்கிறன். ராணுவக்காரன் வராமல் இந்தத் தகரத்தை எத்தனை தரம் அடிச்சனீங்கள்?"

நாச்சியப்பன் கூரையைப் பார்த்தான். சந்திரசேகரன் செருப்பைப் பார்த்தான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. ஒவ்வொருவன் முகத்திலும் அதே வரி எழுதியிருந்தது. பதினோரு பேர் செய்ததற்கு நான் ஒருவன் ஏன்? பதினோரு பேரும் அந்த வரியைச் சொன்னால் அதைச் செய்தது யார் அண்ணா, மரமா?

கடைசியில் நாச்சியப்பன் வாயைத் திறந்தான். "நாங்க தட்டினோம்ல? அந்தப் பொண்ணு கேக்காம நின்னா நாங்க என்ன செய்யிறது?"

அப்போதுதான் செல்வநாயகி பேசினாள். உரக்கப் பேசவில்லை. "கேட்டது. ஓடேல்லை. பகிடி எண்டு நினைச்சன்."

மாமா, "ஆற்றை பகிடி?" என்று ஆளின் பெயரைக் கேட்டார்.

தாள் அவள் இடுப்பில் செருகியிருந்தது, நான் பார்த்தேன். இடது கையை அங்கே கொண்டுபோனாள். பிறகு எடுத்துவிட்டாள். பத்து நாற்காலிகளையும் ஒன்று ஒன்றாகப் பார்த்தாள்.

"இஞ்சை இருக்கிற எல்லாற்றை பகிடியும்" என்றாள். "வராத ஒருத்தற்றையும்."

பிறகு நடந்ததை நான் எப்படி எழுதுவேன்! நல்லம்மா அக்கா முன்னால் வந்தார். "வைகாசி விசாகத்தண்டு நான் தலை நிறையச் சவுக்காரத்தோடை ஓடி, படியிலை விழுந்து முழங்கால் உடைஞ்சது. இந்தா தழும்பு. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு ஜப்பான்காரனும் இல்லை. தியாகராஜா அண்ணை, அண்டைக்குச் சிரிச்சதிலை உங்கடை சத்தம்தான் பெரிசு." ஹபீபா பீவி, "நோன்புக்கு முந்தின மாசம், முழுகாம இருந்தேன், மூணு தடவை ஓட வச்சீங்க. புள்ள தங்கலை. நான் யாரையும் சொல்லலை, அல்லாவுக்குத் தெரியும். ஆனா கணக்கு உங்ககிட்டயும் இருக்கணும்லா" என்றார். பொன்னம்மை ஆச்சி தன் மகன் நாச்சியப்பனைப் பார்த்து, "ஏண்டா, நான் ஓடுறப்பவும் சிரிச்சியா?" என்று மட்டும் கேட்டார். அவன் எழுந்து வெளியே போகப் பார்த்தான். வாசலில் நாங்கள் நின்றோம். வழி விடவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

ஒருத்தி முடிக்கும் முன் இன்னொருத்தி. நாள், கிழமை, எந்த நேரம், யார் மரத்தடியில், யார் சிரித்தது. ஒருவருக்கும் ஒன்றும் மறக்கவில்லை! நாங்கள் எல்லோரும் தனித்தனியாக இதை நெஞ்சில் எழுதி வைத்திருந்தோம் என்பது இன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. நல்லம்மா அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

கடைசியில் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் சொன்னதைக் கேளுங்கள். "பொம்பிளையளின்ரை கதையை வைச்சுத் தீர்மானத்தை மாத்தேலாது. காவல் நிண்ட ஆம்பிளை ஒருத்தன் சொல்லட்டும். ஒருத்தன் போதும். தீர்மானத்தைக் கிழிச்சுப் போடுறன். அடுத்த ஞாயிறு வரைக்கும் பாப்பம்."

எட்டுப் பெண்களின் வாய் ஒரு ஆணின் வாய்க்குச் சமம் இல்லையாம். சரி. அதையும் பிறகு பார்த்துக்கொள்கிறோம். இப்போதைக்கு எங்களுக்கு ஒரு ஆண் வேண்டும். பதினோரு பேரில் ஒருவர்.

வெளியே வந்ததும் செல்வநாயகியிடம் கேட்டேன். "தாளை ஏன் எடுக்கவில்லை?" அவள் சொன்னாள். "தாளைக் காட்டினால் அவர் ஒருத்தர் மாட்டுவார், மிச்சப் பத்துப் பேரும் அவரைக் காட்டித் தப்பியிடுவினம். அவர் தன்ரை வாயாலை சொன்னால்தான் மற்றவையும் சொல்ல வேண்டி வரும்." ஒடிந்த கையோடு இருக்கிறவள் யோசிப்பதைப் பாருங்கள், மூன்று நாள் சாப்பிடாமல் நீங்கள் யோசித்ததையும் பாருங்கள்.

அவளுக்குச் சுங்கை பாக்காப் வேண்டாம். அது உங்களுக்குப் பக்கம் என்று நீங்கள் எழுதியதை அவளிடம் காட்டினேன். இடது கையால் தன் பெயரை முழுதாக எழுதக் கற்றுவிட்டாள், அதைக் காட்டினாள். நம் சந்துப் பெண் பிள்ளைகளுக்கு அவள்தான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். அவளை அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள் தெரியுமா? தகரம் அடித்தால் ஓட வேண்டும், ஓடாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும், அடித்தவன் அங்கேயே இருக்கலாம்.

சீட்டு கிடைக்காவிட்டால் வர வேண்டாம். எழுதி அனுப்புங்கள். "பரமநாதனாகிய நான் ராணுவக்காரன் வராத நேரத்தில் தகரத்தை அடித்தேன். மற்றவர்களும் அடித்தார்கள். பெண்கள் ஓடுவதைப் பார்க்க அடித்தோம். செல்வநாயகி ஓடாததற்குக் காரணம் நாங்கள்." நான்கு வரி. 2603 என்றே தேதி போடுங்கள், எனக்குக் கவலை இல்லை.

சிக்கந்தர் நானா செவ்வாய்க்கிழமை வருவார். அங்கேயே நிற்பார். கையோடு கொடுங்கள்.

ஈசு


டத்தோ கிராமாட்
15.10.1943, வெள்ளிக்கிழமை

அண்ணா,

சிக்கந்தர் நானா நேற்று வெறுங்கையோடு திரும்பினார். வாசலில் நின்றே என் கடிதத்தை இரண்டு தரம் படித்தீர்களாம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பதில் இல்லை நானா, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றீர்களாம். அவர் டீ குடிக்கவில்லை.

அவர் என்னிடம் இன்னொன்று சொன்னார். அவரும் ஒரு நாள் மரத்தடியில் நின்றிருக்கிறாராம். தட்டியது வேறு யாரோ. ஓடியவர்களில் தன் மனைவியும் இருந்ததைப் பார்த்தும் சிரித்தாராம். ஹபீபா பீவியிடம் அதைச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சொல்லவா என்று கேட்டார். மாமா கேட்டது காவல் நின்ற ஆண். நானா காவலில் பெயர் எழுதிய ஆள் இல்லை, ஊர் ஊராகப் போகிறவர். செல்லாது என்பார்கள். இருந்தாலும் சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்வார்.

இன்று காலை நான் காவல் நின்றேன். குழாயடியில் ஏழு பேர் இருந்தார்கள். செல்வநாயகி முதல் முறையாக வந்தாள். ஒற்றைக் கையால் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பின்னால் யார் நடந்தாலும் தோள் விறைக்கிறது. நான் சந்து முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் குளித்து முடிக்கும் வரை தகரம் ஒரு தரம் கூடச் சத்தம் போடவில்லை.

நாளை மறுநாள் ஞாயிறு. அவளுடைய சித்தப்பாவை மாட்டு வண்டியோடு படகுத்துறைக்கு வரச் சொல்லியாகிவிட்டது. சிக்கந்தர் நானா உங்களுக்காக மட்டும் இன்று இன்னொரு தரம் வருகிறார், கருவாடு இல்லாமல். நாளை மாலைக்குள் திரும்பிவிடுவார்.

தாள் இல்லை என்று சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். பென்சிலும் வைத்திருக்கிறேன்.

தகரத்தை அடித்தது யார்? உங்கள் பெயரை எழுதுங்கள் அண்ணா.

ஈசு